பெக்கோ நின்ற இடமே கராஜ்

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ-23 பாதை, முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தை விட்டு இறங்குகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிரிந்தி ஓயாவின் பள்ளத்தாக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலேயிருந்து மண்ணோ பாறையோ பாதையில் சரிவது இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன துன்பம். சரிந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பெக்கோ வந்திருச்சா?" என்பதுதான். பெக்கோ என்ற மண்வாரி இயந்திரம் வந்து மண்ணை வாரத் தொடங்கி, பாதி வேலையில் ஹைட்ரோலிக் ஹோஸ் ஒன்று வெடித்து நின்றுவிட்டால், இருபுறமும் வரிசை கட்டி நிற்கும் பஸ், கொழுந்து லொறி, அம்புலன்ஸ் எல்லாம் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவர்தான் மெக்கானிக் பாஸ்.

ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து வருகிறவர்கள் அவரைக் கவனிப்பதில்லை. அவர்கள் வந்த பாதை திறந்திருப்பதற்கு அவரும் ஒரு காரணம். அவருடைய வண்டியும் கருவிகளும் நூறு ஆண்டுகளில் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டன. அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து போனால், இஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து உமா ஓயாச் சுரங்கம் வரை ஊவாவின் கதையே கண்ணில் படுகிறது. கவலை தரும் ஒன்றும் சேர்ந்தே தெரிகிறது. கருவிகள் இயந்திரத்தின் பக்கத்துக்கு வந்த அதே காலத்தில், அந்த இயந்திரத்தைத் திறந்து பழுது பார்க்கும் அதிகாரம் இந்த மலையை விட்டு வெகுதூரம் போய்க்கொண்டிருக்கிறது.

வண்டி இல்லாத காலம்

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. அதற்கு முன்பே மலையகத் தோட்டங்களில் இயந்திரங்கள் ஓடின. 1854இல் கண்டியில் தொடங்கிய வோக்கர் நிறுவனமும், 1875இல் ஹட்டனில் தொடங்கிய பிரவுன் கம்பெனியும் தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்தும் விற்றும் வளர்ந்தவை. பெல்ஃபாஸ்ட் நகரத்திலிருந்து டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகள் வந்தன. நீர்ச்சக்கரம், ஆவி எஞ்சின், டீசல் எஞ்சின் என்று இஸ்டோரை ஓட்டும் சக்தி ஒன்றன்பின் ஒன்றாக மாறியது.

எது மாறினாலும் ஒன்று மாறவில்லை. எஞ்சின் நின்றால் பறித்த கொழுந்து காத்திருக்காது, கெட்டுப்போகும். கொழும்பிலிருந்து ஆள் வந்து சேர நாள் கணக்காகும். அதனால்தான் பெரிய தோட்டங்களில் இஸ்டோரை ஒட்டி ஒரு பட்டறை இருந்தது. அதில் உலை, துருத்தி, பட்டறைக்கல், வைஸ், அரங்கள், மரை வெட்டும் டை, பட்டையால் சுழலும் லேத் ஆகியவை இருக்கும். அங்கே ஃபிட்டரும் கொல்லரும் செய்த வேலையை இன்று பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பேரிங் தேய்ந்தால் பழைய வெள்ளை உலோகத்தை உருக்கி மீண்டும் வார்ப்பார்கள். தண்டில் நீலச் சாயம் பூசி, வார்த்த பேரிங்கில் வைத்து உருட்டி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டுவார்கள். மறுபடி பூசி, மறுபடி உருட்டி, மறுபடி சுரண்டி, சாயம் முழுப் பரப்பிலும் சீராக ஒட்டும்வரை இது நடக்கும். கேஸ்கட் வேண்டுமென்றால் தடித்த தாளை இரும்பு விளிம்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டியே வெட்டிவிடுவார்கள். கருவி குறைவாக இருந்த இடத்தில் கை அவ்வளவு கற்றிருந்தது.

பாதை வேலை பொதுவேலைத் திணைக்களத்தின் கையில் இருந்தது. அதன் பெரிய இயந்திரம் ஆவி ரோலர். கண்டி வீதியில் கிரிபத்கும்புறையிலுள்ள நெடுஞ்சாலை அருங்காட்சியகத்தில் அந்த ரோலர்களும் தார் காய்ச்சும் கொதிகலன்களும் இன்றும் நிற்கின்றன. ரோலர் ஓட்டியவரே அதன் முதல் மெக்கானிக்கும்கூட. விடியுமுன் நெருப்பு மூட்டி, நீராவி ஏறும்வரை ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விட்டு, கசிகிற இடத்தில் சணல் திரித்து அடைத்து, வாரக் கடைசியில் கொதிகலனைக் கழுவுவது வரை அவர் வேலைதான். ரோலர் போகும் வேகத்தில் அவருடைய பட்டறையும் பாதையோரமாக நகர்ந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் பழுது வந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். தோட்டத்துத் தபால்காரர் கடிதத்தையோ தந்தியையோ கொண்டு போவார். மெக்கானிக் ரயிலில் வந்து எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவார். கருவிகள் சாக்கில் கட்டி வரும். அங்கிருந்து மலைமேட்டுக் குறுக்குப் பாதையில் அவை தலைச்சுமையாக ஏறும். தூக்கிப் போக முடிந்த கனம் எவ்வளவோ அவ்வளவுதான் அவருடைய கருவிப்பெட்டி. பாரம் தூக்க மூன்று கம்புகளை உச்சியில் கட்டி நிறுத்தி, அதில் செயின் புளொக்கைத் தொங்கவிடுவார்கள். கம்பு தோட்டத்திலேயே கிடைக்கும், புளொக்கை மட்டும் சுமந்தால் போதும்.

செயின் மேல் வந்த இயந்திரங்கள்

1949இல் இங்கினியாகலையில் கல்லோயா அணை வேலை தொடங்கியது. அதைக் கட்ட வந்த அமெரிக்க நிறுவனம் மொரிசன் நட்சன், இந்தத் தீவு அதுவரை பெரிய அளவில் கண்டிராத மண்வாரி இயந்திரங்களோடு வந்தது. ஊவாவின் கிழக்குச் சரிவுக்கு அப்பால் நடந்த அந்த வேலை, இலங்கைத் தொழிலாளர் பலர் டோசரையும் ஸ்கிரேப்பரையும் நெருங்கிப் பார்த்த முதல் இடம். பிறகு வந்த பத்தாண்டுகளில் பாதை வெட்டவும் காடு திருத்தவும் செயின் மேல் ஓடும் டோசர்கள் மலைக்கும் ஏறின.

அந்தக் கால கேட்டர்பில்லர் டோசரை ஸ்டார்ட் செய்வதே ஒரு தனிக் கலை. பெரிய டீசல் எஞ்சினை உயிர்ப்பிக்க, அதன் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று பொருத்தியிருக்கும். முதலில் அதைக் கையால் சுழற்றி ஓடவிட வேண்டும். அதன் வெப்பம் டீசல் எஞ்சினையும் சூடாக்கும். பிறகு கிளட்சைப் பிடித்து, பெரிய எஞ்சினை அழுத்தமில்லாமல் சுழலவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறியபின் எரிபொருளைத் திறக்க வேண்டும். பண்டாரவளைப் பக்கத்து மார்கழிக் காலையில் இந்த முறை பேட்டரியை விட நம்பகமாக இருந்தது. பிளேடை ஏற்றி இறக்கியதும் ஹைட்ரோலிக் அல்ல, பின்னாலிருந்த வின்ச்சும் இரும்புக் கயிறும்தான். கயிறு அறுந்தால் பிரி பிரித்துப் பின்னிவிடத் தெரிந்தவர் வேண்டும். மெக்கானிக்கின் பெட்டியில் கயிறு பின்னும் கூர் ஆணியும் இடம் பிடித்தது அப்படித்தான்.

இந்தக் காலத்தில்தான் கருவி சக்கரத்தில் ஏறியது. தோட்டங்களிலும் திணைக்களங்களிலும் லேண்ட் ரோவரும் ஜீப்பும் வந்தன. பின்பக்கத்தில் மரப்பெட்டி, எண்ணெய் டின், கிரீஸ் வாளி, கயிறு, பாரம் தூக்கும் ஒரு ஜாக், சம்மட்டி, கடப்பாரை. இரும்பு ஒட்ட வேண்டுமானால் கார்பைட் கல்லில் தண்ணீர் விட்டு அசிட்டிலீன் உண்டாக்கும் உருளையையும் ஒட்சிசன் சிலிண்டரையும் ஏற்றிப் போவார்கள். மின்சார வெல்டிங் பிளாண்ட் இரண்டு சக்கர வண்டியில் தனியாக இழுபட்டு வரும். இதற்கு யாரும் சர்விஸ் வண்டி என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் இன்றைய சர்விஸ் வண்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்று பெட்டி ஸ்பேனர்கள்

ஊவா மெக்கானிக்கின் கருவிப்பெட்டியைப் பார்த்து நாட்டின் பொருளாதாரத்தைப் படித்துவிடலாம். பிரித்தானிய எஞ்சின்கள் விட்வொர்த் அளவில் இருந்தன. ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த அந்த முறையில் ஸ்பேனரில் பொறித்த எண் போல்ட்டுத் தண்டின் விட்டம். ஸ்பேனர் வாயின் அகலம் அதைவிடப் பெரிது. மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க டோசர்கள் வந்தபோது அளவு வேறானது. அங்கே அங்குலக் கணக்கு போல்ட்டுத் தலையின் இரு தட்டைப் பக்கங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும், மரையின் கோணம் 60 பாகை. இரண்டுக்கும் ஒரே எண் பொறித்திருந்தாலும் ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பொருந்தியதுபோல் தோன்றி, இறுக்கும்போது வழுக்கி, மெக்கானிக்கின் விரல் மூட்டைக் கிழிக்கும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் இயந்திரங்கள் வந்தன. மூன்றாவது பெட்டியாக மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் வந்தன. 10, 12, 14, 17, 19 என்ற ஜப்பான் வரிசை இன்று கராஜில் வேலை பழகும் பையனுக்கு வாய்ப்பாடு. ஐரோப்பிய இயந்திரமாக இருந்தால் 12க்குப் பதில் 13 கேட்கும். பல பத்தாண்டுகள் இந்த மூன்று பெட்டிகளும் ஒரே வண்டியில் ஒன்றாகப் போயின. காலையில் இஸ்டோரின் பழைய எஞ்சினையும் மாலையில் பாதையோர கொமாட்சுவையும் பார்க்கும் ஒருவருக்கு மூன்றும் வேண்டியிருந்தன. இன்று விட்வொர்த் பெட்டி அநேகமாக மூடியே கிடக்கிறது. சில பழைய இஸ்டோர்களில் மட்டும் அதைத் திறக்க வேண்டி வரும். அந்தப் பெட்டியை வைத்திருப்பவரும் அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எண்ணெயின் வலிமை

இன்று எல்ல மலையில் நாம் பார்க்கும் பெக்கோவின் பிறப்பு இரும்புக் கயிற்றின் இடத்தை எண்ணெய் பிடித்ததில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜேசிபி நிறுவனம் முன்னால் வாரி, பின்னால் தோண்டும் தன் முதல் இயந்திரத்தை 1953இல் கொண்டுவந்தது. கேட்டர்பில்லர் தன் முதல் ஹைட்ரோலிக் எக்ஸ்கவேட்டரை 1972இல் வெளியிட்டது. கயிற்றையும் கப்பியையும் கண்ணால் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கலாம். எண்ணெய் ஓடும் வழி இரும்புக்குள் மறைந்திருக்கிறது. மெக்கானிக் வரைபடம் படிக்கக் கற்க வேண்டியிருந்தது. பம்ப், வால்வ், சிலிண்டர், சீல் என்ற சொற்கள் பட்டறைப் பேச்சில் நிரம்பின.

அந்தப் படிப்பு நடந்த பெரிய பள்ளிக்கூடம் மகாவலித் திட்டம். 1970களின் இறுதியில் வேகப்படுத்தப்பட்ட அந்த வேலையில் கொத்மலைக்கு ஸ்வீடனின் ஸ்கன்ஸ்காவும், விக்டோரியாவுக்குப் பிரித்தானிய நிறுவனங்களும் வந்தன. அணைக்கட்டு வேலைத்தளத்தில் இயந்திரம் பட்டறைக்குப் போகாது, பட்டறைதான் இயந்திரத்திடம் வரும். ஒரே லொறியில் டீசல் தொட்டி, எஞ்சின் எண்ணெய், ஹைட்ரோலிக் எண்ணெய், கிரீஸ், காற்று அழுத்தி. ஒவ்வொன்றுக்கும் சுருளில் சுற்றிய குழாய். ஓட்டுநர் சாப்பிடும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். 250, 500, 1000, 2000 மணி நேரம் என்று மீட்டர் பார்த்து எண்ணெயும் வடிகட்டியும் மாற்றும் ஒழுங்கு அங்கே பழகியவர்களோடு சிறு கராஜ்களுக்கும் வந்தது. அதுவரை இயந்திரம் நின்ற பிறகே மெக்கானிக் தேடப்பட்டார். நிற்குமுன்பே அவர் வர வேண்டும் என்பது புதிய எண்ணம்.

அந்த எண்ணம் முழுதாக இன்னும் வேரூன்றவில்லை. நாள் வாடகைக்கு ஓடும் பெக்கோவை ஒரு மணி நேரம் நிறுத்தினால்கூட உரிமையாளருக்கு நட்டம். தினமும் பூச வேண்டிய கிரீஸ் தவறுகிறது, பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன, பக்கெட் ஆடுகிறது. சில நூறு ரூபாய் கிரீஸில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை லேத்துக்கும் வெல்டிங்குக்கும் போகிறது.

இன்றைய வண்டி

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சர்விஸ் வண்டி என்றால் கிறேன், வெல்டர், காற்று அழுத்தி எல்லாம் நிரந்தரமாகப் பொருத்திய பெரிய லொறி. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் அது திரும்பவே இடமில்லை. இந்த மலை தனக்கான வண்டியைத் தானே தேர்ந்துகொண்டது. இன்று பெக்கோ நின்ற இடத்துக்கு வருவது ஒரு கெப், அல்லது கெண்டர் லொறி, அதுவும் போகாத மேட்டுக்கு டிமோ பட்டாவோ திரீவீலோ.

பின்பக்கத்தில் ஏற்றியிருப்பதைப் பாருங்கள். ஒரு கையால் தூக்கக்கூடிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெசின். சிறிய ஜெனரேட்டர். பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் ரென்ச். முன்பு இரண்டு பேர் நீளக் குழாயை மாட்டித் தொங்கித் திருப்பிய நட்டை இது சில நொடிகளில் கழற்றும். நூறு அளவுகளில் ஓரிங் அடுக்கிய பெட்டி. அழுத்தம் பார்க்கும் மீட்டர்களும் அவற்றை மாட்டும் முனைகளும். எல்ஈடி விளக்கு. செயின் பின்னைத் தள்ள ஒரு ஹைட்ரோலிக் பிரஸ். முன்பு அந்த பின்னை அடித்து இறக்கச் சம்மட்டியை மாற்றி மாற்றி ஓங்க ஆட்கள் வேண்டும், தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணைக் குறிவைக்கும். பாரம் தூக்க மூன்று கம்பு கட்ட வேண்டியதில்லை. கிறேன் கிடைக்காவிட்டால் பக்கத்து வேலைத்தளத்துப் பெக்கோவை வரவழைத்து அதன் கையாலேயே இதன் எஞ்சினைத் தூக்குகிறார்கள்.

ஹோஸ் வெடித்தால் பழையதைக் கழற்றி அருகிலுள்ள நகரத்துக்குக் கொண்டு போனால் அதே நீளத்துக்குப் புதிய ஹோஸ் வெட்டி, முனை வைத்து அழுத்திக் கொடுக்கிறார்கள். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய் வரும் நேரம்தான் தாமதம். பாதை மூடியிருக்கும்போது அந்த நேரமே பெரிய நேரம். முன்னனுபவம் உள்ளவர்கள் அடிக்கடி வெடிக்கும் அளவுகளில் இரண்டொரு ஹோஸை வண்டியிலேயே வைத்திருப்பது அதனால்தான்.

தபால்காரர் ஓடிய தூரத்தை இன்று போன் நொடியில் கடக்கிறது. "அண்ணே, காலைல நல்லா இருந்திச்சு. சூடானா தூக்க மாட்டேங்குது" என்று ஆபரேட்டர் சொல்லி முடிப்பதற்குள் வீடியோவும் வந்து சேர்கிறது. புறப்படுமுன்பே மெக்கானிக்குக்கு ஓரளவு தெரிந்துவிடுகிறது. குளிரில் சரியாக இருந்து, எண்ணெய் சூடாகி இளகியபின் வலு இழந்தால் பெரும்பாலும் பம்ப் உள்ளே தேய்ந்து கசிகிறது என்று பொருள். கத்தாரிலோ டுபாயிலோ வேலை செய்யும் பழைய கூட்டாளியிடம் அந்த வீடியோ போகிறது, அங்கிருந்து யோசனை திரும்பி வருகிறது. ஊவா லயங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போன இளைஞர்கள் தாங்கள் கற்றதை இப்படியும் ஊருக்கு அனுப்புகிறார்கள்.

காதும் கணினியும்

பழைய மெக்கானிக் நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்தச் சிலிண்டரில் தட்டல், எந்தப் பேரிங்கில் உரசல் என்பது கேட்கும். புகையின் நிறம் பார்ப்பார். கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது எரிபொருள் கூடுதல், நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். எண்ணெயை விரலிடையே தேய்த்து இரும்புத் தூள் உறுத்துகிறதா என்று பார்ப்பார். இவற்றில் எதுவும் இன்றும் பொய்யாகிவிடவில்லை.

ஆனால் இப்போது எஞ்சினுக்குள் இன்னொரு மொழியும் ஓடுகிறது. எரிபொருள் எப்போது, எவ்வளவு பாய வேண்டும் என்பதைக் கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. ஒரு சிறு சென்சர் பிழையாகச் சொன்னாலே எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். இயந்திரம் முழுதும் நலமாக இருக்கும், ஆனால் வேலை செய்யாது. காது அங்கே உதவாது. மடிக்கணினியை மாட்டிப் பிழை எண்ணைப் படிக்க வேண்டும். கொமாட்சு 2001 முதல் தன் இயந்திரங்களில் பொருத்திய கொம்ட்ராக்ஸ் போன்ற அமைப்புகள், இயந்திரம் எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு சூடானது என்பதையெல்லாம் செயற்கைக்கோள் வழியாகவும் தொலைபேசி வலையமைப்பு வழியாகவும் சொல்லிவிடுகின்றன.

ஊவாவிலேயே இந்த மாற்றத்தின் உச்சம் உமா ஓயாத் திட்டம். ஈரானின் பராப் நிறுவனம் கட்டிய அந்தத் திட்டத்தில் 15 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தை, முகப்பு முழுவதையும் ஒரேயடியாக அரைத்து முன்னேறும் இயந்திரங்கள் துளைத்தன. பழுது பார்ப்பவர்கள் மலையின் வயிற்றுக்குள்ளேயே போய், தேய்ந்த வெட்டுச் சக்கரங்களை மாற்றினார்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டதையும், பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி வீடுகளில் வெடிப்பு விழுந்ததையும் இங்குள்ள மக்கள் மறக்கவில்லை. 120 மெகாவாட் மின்நிலையம் 2024 ஏப்ரல் 24இல் திறக்கப்பட்டது. வலிமையான இயந்திரம் வந்தால் மட்டும் போதாது, அது எந்த மண்ணில் வேலை செய்கிறது என்று தெரிந்திருக்கவும் வேண்டும் என்பதை ஊவா பெரும் விலை கொடுத்துக் கற்றது.

பழைய பழக்கம் உயிர் கேட்கும்

கருவி மாறும்போது பழக்கமும் மாறாவிட்டால் ஆபத்து. இதைக் கராஜில் வேலை பழகும் ஒவ்வொரு பையனுக்கும் சொல்ல வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய டீசல் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதில்தான் கோளாறு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய நல்ல உத்தி இது. ஆனால் இன்றைய கொமன் ரெயில் எஞ்சினில் அந்தக் குழாய்க்குள் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேல் டீசல் நிற்கிறது. ஓடும்போது தளர்த்தினால் அது தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும்.

ஹைட்ரோலிக் ஹோஸும் அப்படித்தான். ஏறத்தாழ 350 பார் அழுத்தத்தில் ஊசித் துளை வழியே கசியும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவித் தேடினால் விரலுக்குள் பாய்ந்துவிடும். முதலில் சிறு குத்து மாதிரிதான் இருக்கும், வலிகூட அவ்வளவு இராது. சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கும். உடனே சத்திரசிகிச்சை கிடைக்காவிட்டால் விரலோ கையோ போகும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். குத்தியது போல் இருந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே போனது ஹைட்ரோலிக் எண்ணெய் என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

கழிவு எண்ணெயையும் சொல்ல வேண்டும். ஓர் எக்ஸ்கவேட்டரிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய் பீலிக்கும் ஓடைக்கும் போனால் அது கீழே உள்ள லயத்தின் குடிநீரில்தான் சேரும். முன்பு இயந்திரம் குறைவு, எண்ணெயும் குறைவு. இன்று வண்டியில் ஒரு வெற்றுப் பீப்பாயும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பாகம் வராத ஆண்டுகள்

மலையக மெக்கானிக்குக்கு உதிரிப்பாகம் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கே இரவு பஸ்ஸில் ஏற்றிய பார்சல் விடிகாலையில் பதுளையில் இறங்கும். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே ரீகண்டிஷனாக வரும் பெக்கோக்களுக்கு, அங்கேயே கழற்றிய பழைய பம்பும் மோட்டாரும் கிடைப்பது பெரிய ஆறுதல்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் இல்லாமல் போனது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தாண்டியது. டீசலுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை. கெப்புக்கே டீசல் இல்லாதபோது சர்விஸ் வண்டி எப்படிப் புறப்படும்? புதிய பாகம் வாங்க முடியாத அந்த மாதங்களில் மலையகக் கராஜ்கள் பழைய அறிவைத் தேடிப் போயின. தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கடைந்தார்கள், கீறல் விழுந்த சிலிண்டர் தண்டை வெல்டிங் போட்டுத் தேய்த்தார்கள், கேஸ்கட்டைத் தாளில் வெட்டினார்கள், இரண்டு பழுதான பெக்கோக்களிலிருந்து ஓடும் பெக்கோ ஒன்றை உண்டாக்கினார்கள். இஸ்டோர் பட்டறையில் வளர்ந்த கைத்திறன் அழிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அந்த ஆண்டு பதில் சொன்னது. அந்தத் திறன் இல்லாமலிருந்தால் அந்த மழைக்காலத்தில் மூடிய பாதைகளை யார் திறந்திருப்பார்கள்?

சாவி யார் கையில்?

தாளில் கேஸ்கட் வெட்டலாம். மென்பொருளை வெட்ட முடியாது. இன்றைய இயந்திரத்தில் புதிய கணினிப் பெட்டியோ இன்ஜெக்டரோ பொருத்தினால், அதை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும்படி மென்பொருளில் பதிய வேண்டும். அந்த மென்பொருள் தயாரிப்பாளரிடமும் முகவரிடமும் இருக்கிறது. எல்ல மலையில் நிற்கும் பெக்கோவின் கோளாறு தெரிந்தும், பாகம் கையில் இருந்தும், கொழும்பிலிருந்து மடிக்கணினி வரும்வரை காத்திருக்கும் நிலை வருகிறது. ஆள் வர நாட்கள் ஆன ரயில் காலத்துக்கே இது நம்மைத் திருப்பி அனுப்புகிறது. அன்று தடையாக இருந்தது தூரம், இன்று தடையாக இருப்பது அனுமதி.

இது நம் மலையின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தேவையான பாகம், கருவி, மென்பொருள், கையேடு ஆகியவற்றைத் தயாரிப்பாளர்கள் உரிமையாளருக்கும் தனி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று 2023இல் சட்டம் இயற்றியது. அது 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் நுகர்வோர் அமைச்சு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையத்தளம் தொடங்கி, அதில் விவசாய இயந்திரங்களையும் சேர்த்தது. இலங்கையும் இதைப் பேச வேண்டும். மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் ஓடும் மண்வாரி இயந்திரங்களிலிருந்தே அந்தப் பேச்சைத் தொடங்கலாம். அரச கொந்தராத்தில் வாங்கும் ஒவ்வொரு இயந்திரத்தோடும் பழுதறியும் மென்பொருளும் கையேடும் சேர்ந்தே வர வேண்டும் என்று விலைமனுவில் ஒரு வரி எழுத அரசுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது படிப்பு. 1950களின் இறுதியில் ஜேர்மனியின் உதவியோடு உருவாகி இன்று மொரட்டுவையில் இயங்கும் தொழிற்பயிற்சி நிறுவனம், நாட்டுக்குச் சிறந்த மோட்டார் மெக்கானிக்குகளைத் தந்தது. ஆனால் லயத்துப் பையனுக்கு மொரட்டுவை எட்டாத தூரம். அவன் கற்பது கராஜில், பாஸின் பக்கத்தில் நின்று. அந்தக் கல்வி ஆழமானது, ஆனால் சான்றிதழ் இல்லாதது. மின்சுற்று படிக்கவும் மடிக்கணினியில் ஹைட்ரோலிக் வரைபடம் பார்க்கவும் அங்கே வாய்ப்பில்லை. பதுளையிலோ பண்டாரவளையிலோ தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும் கனரக இயந்திரப் பயிற்சி வேண்டும். கராஜில் கற்றதைச் சோதித்துத் தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் அதனுடன் சேர்ந்தே இருக்க வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும் ஒரு பூட்டுதான்.

இதை அவசரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்கடியில் போனபோது கனரக இயந்திரங்களோடுதான் தேடினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் எங்கும் மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன, மலையக ரயில் பாதையும் சிதைந்தது. அப்படிப்பட்ட நாளில் கொழும்பிலிருந்து பாகமும் வராது, மென்பொருள்காரரும் வர மாட்டார். மலைக்கு உள்ளே யார் இருக்கிறார்களோ, அவர்கள் வண்டியில் என்ன இருக்கிறதோ, அதை வைத்துத்தான் பெக்கோ ஓட வேண்டும்.

மழைக்காலம் தொடங்குமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை எல்லோரும் கவனிக்கிறோம். அதே கவனத்தோடு பிரதேச செயலகங்கள் இன்னொரு பட்டியலையும் தயாராக வைத்திருக்கலாம். நம் பகுதியில் எத்தனை பெக்கோ, அவற்றைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் யார், எந்த ஹோஸும் வடிகட்டியும் எங்கே இருப்பில் உள்ளன, பாதை மூடினாலும் அவர்களுக்கு டீசல் எங்கே கிடைக்கும் என்பதே அந்தப் பட்டியல். தலைச்சுமையாகக் கருவி தூக்கி ஏறிய காலத்திலிருந்து இந்த மலையைப் பழுதுபார்த்து வந்தவர்கள், இனிமேல் மீட்புப் பணியின் முதல் வரிசையிலேயே பெயரோடும் சான்றிதழோடும் சாவியோடும் இடம் பெற வேண்டும்.